நேர்ச்சை இல்லாத சடை

யாருடைய சடையை யார் பின்னிக்கொள்ளலாம் என்று உலகமே சண்டை போடுவதை நான் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கியது பிற்பாடுதான். வெளிநாட்டில் யாரோ ஒரு வெள்ளைக்கார நடிகை தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னிக்கொண்டு வருவாள். அது கருப்பின மக்களின் சடை, உனக்கென்ன உரிமை என்று ஒரு கூட்டம் கேட்கும். முடிதானே, இதற்கு ஏன் இந்தக் கூப்பாடு என்று இன்னொரு கூட்டம் கேட்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் வெட்கமும் வரும். இராஜாக்கமங்கலம் ஜங்ஷனில், பத்துக்குப் பத்து அறையில் நான் நடத்திய பியூட்டி பார்லரில் இந்த வழக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அதில் குற்றவாளி நான்.

நாகர்கோவிலில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கி, அதைக் கண்ணாடிக்கு மேலே மாட்டிக் கடை திறந்திருந்தேன். புருவம் திருத்துவது, ஃபேஷியல், கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம், இவ்வளவுதான் வேலை. என் சொந்த முடி எலிவால். அதை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டே அடுத்தவர்களுக்கு முடி வளரும் எண்ணெய் விற்கிற துணிச்சல் எனக்கு இருந்தது. முடிக்கு இல்லாத நீளம் வாய்க்கு இருந்ததுதான் காரணம். ஊர்க்கதை பேசாமல் எனக்குப் புருவத்தில் நூல் ஓடாது.

2011 வாக்கில் தெற்கே கடற்கரை ஊருக்கு ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் தான்சானியாவில் ஒரு துறைமுகப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும், அந்த நாட்டுக்காரியான மனைவியையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். அந்த மனைவி முதல் தடவை என் கடைக்கு வந்தபோது நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

“ஏட்டி, தமிழ்ல பறை. எனக்கு மனசிலாவும்.”

பத்து வருஷம் புருஷனோடு சண்டை போட்டே படித்த தமிழாம். அதனால் கடற்கரைத் தமிழ் அவர் வாயில் என்னைவிடச் சுத்தமாக வந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவர் கடைசிவரை ஏட்டி என்றுதான் கூப்பிட்டார். மாதத்துக்கு ஒரு தடவை புருவத்துக்கு வருவார், மற்ற நாளில் சும்மா பேச வருவார்.

மகளுக்கு அடர்த்தியான முடி. சுருள்மேல் சுருள், விரலை விட்டால் விரல் திரும்பி வராது. ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் அக்கா அவளை முழங்காலுக்கிடையில் உட்கார்த்தி வைத்து, நெற்றியிலிருந்து பிடரிவரை தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னிவிடுவார். மூன்று மணி நேரம் பிடிக்கும். வயலில் வரப்பு வெட்டியது மாதிரி இருக்கும். என் அப்பா வயல்காரர், அவர் வெட்டிய வரப்புகூட அவ்வளவு நேராக இருந்ததில்லை.

ஊர் அதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அது நேர்ச்சை. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குச் சுகக்கேடு வந்தால் கோயிலுக்கு முடி நேர்ந்துகொள்வார்கள். வருஷக்கணக்கில் கத்தரி படாமல் வளர்த்து, ஒரு நாள் வேளாங்கண்ணிக்கோ வேறு கோயிலுக்கோ போய் மொட்டை போடுவார்கள். இந்தப் பிள்ளையும் ஏதோ பெரிய நேர்ச்சையில் இருக்கிறாள், அதனால்தான் இப்படிக் கட்டுக்கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மீன் விற்க வருகிற பெண்கள் பஸ்ஸில் அவளுக்கு இடம் விட்டார்கள். ஒருத்தி அவள் தலையைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாளாம். அப்பாக்காரர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு நேர்ச்சை என்றால் என்னவென்று புரிந்தபோது காலம் கடந்திருந்தது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்து, இரட்டைச் சடை போட்டு, மடித்துக் கட்டி, ரிப்பனில் பூ வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தலைமையாசிரியை சிஸ்டர் இந்தப் பிள்ளையின் தலையைப் பார்த்ததும், “நேர்ச்சையா? இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு தப்பான எண்ணம் அந்தப் பிள்ளைக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தது. அதை நான் பிடுங்கினேன்.

அந்தப் பள்ளியின் நடன டீச்சர் ஒரு நாள் புருவத்துக்கு வந்தார். நூலை வாயில் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடியபடியே, “பாவம் அந்தப் பிள்ளை, எந்தக் கோயிலுக்கு நேர்ந்திருக்காங்களோ” என்றார். நான் உடனே நூலை வாயிலிருந்து எடுத்தேன். நூல் வாயிலேயே இருந்திருக்கலாம்.

“நேர்ச்சையும் இல்ல ஒண்ணும் இல்ல டீச்சர். அது அவங்க ஊர் ஸ்டைலாக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்க அவுத்து அவுத்துப் பின்னுவாவ. எனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்வதில் அவ்வளவு சுகம். டீச்சர் கெட்டவர் இல்லை, அவரும் என்னைப்போல வாய்க்காரி. மூன்றாம் நாள் சிஸ்டர் பிள்ளையைக் கூப்பிட்டு, ஸ்டைலெல்லாம் லீவில் வைத்துக்கொள், நாளை முதல் இரட்டைச் சடை என்று சொல்லிவிட்டார்.

அக்கா பிள்ளையை என்னிடமே கூட்டிவந்தார். “எனக்கு உங்க சடை பின்னத் தெரியாதுடீ. நீ போட்டுக் குடு” என்றார். வரிகளை அவரே அவிழ்த்தார். நான் எண்ணெயை ஊற்றினேன், சீப்பை விட்டேன், சீப்பு ஒடிந்தது. இரண்டாவது சீப்பும் ஒடிந்தது. இழுத்து இழுத்து இரண்டு சடை போட்டேன். ரிப்பன் கட்டினால் துள்ளிக்கொண்டு கழன்றது. பிள்ளை சத்தம் போடாமல் அழுதாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் தலையை மட்டும் பார்த்தேன். அன்றைக்கு நான் காசு வாங்கவில்லை. அக்கா அதைப் பெரிய மனது என்று நினைத்துக்கொண்டார்.

இது தினமும் நடந்தது. காலை ஏழரைக்கு வருவாள், நான் இழுப்பேன், அவள் அழுவாள். பத்து மணிக்கெல்லாம் சடை பிரிந்து முடி மேலே எழும்பி நிற்கும். வகுப்பில் அவளுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். தும்பு மிதியடி. தென்னந்தும்பில் மிதியடி பின்னுகிற ஊரில் அந்தப் பேர் ஒட்டிக்கொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை. முன்வரிசையில் இருந்தவள் தானாகவே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாளாம். ஒரு காலை என்னிடம் கேட்டாள்.

“ஆன்ட்டி, சிஸ்டருக்கு ஆரு போய்ச் சொன்னா?”

“தெரியாது மக்கா” என்றேன். அந்தப் பொய்யை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளுக்குள் கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து நடன டீச்சர் சிரித்த முகமாக வந்தார். ஆண்டு விழாவுக்கு உலக நடனங்கள். அதில் பன்னிரண்டு பிள்ளைகள் ஆடுகிற ஆப்பிரிக்க நடனமும் உண்டு. “அந்தப் பிள்ளை முதல்ல போட்டுட்டு வருமே, அதே சடை பன்னிரண்டு பேருக்கும் வேணும். முகத்துக்குக் கொஞ்சம் கருப்பும் பூசிவிட்டுருங்க.” பன்னிரண்டு பேரில் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே அக்காவின் நிறம்தான். மற்ற நாளெல்லாம் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களை வெளுப்பாக்கித் தருகிறேன் என்று நான் கிரீம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பிள்ளைகளுக்குக் கரி பூசச் சொன்னார்கள். எனக்கு அது எதுவும் உறைக்கவில்லை. கடை திறந்து இரண்டு வருஷத்தில் முதல் பெரிய வேலை, தலையாட்டிவிட்டேன். பின்னத் தெரியாதே என்பது டீச்சர் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, எனக்குப் பின்னச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். முதலில் சிரித்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

“எனக்க மவ தலையில வேண்டாம்னு சொன்னத, பன்னெண்டு பேரு தலையில வைக்கச் சொல்லுதாவளா?”

“அது மேடைக்காக்கும் அக்கா. ஒரு நாளைக்கு.”

“அப்ப அவள ஏன் ஆட்டத்துல சேக்கல?”

அதை நான் டீச்சரிடம் கேட்கவே இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “முடிதானே அக்கா. நீங்க சேலை உடுத்துறீங்க, பொட்டு வைக்கிறீங்க. நாங்க ஏதாவது சொன்னமா? சந்தோஷம்தானே பட்டோம்.”

“நான் சேலை உடுத்தா எல்லாரும் கொள்ளாம், நல்லா இருக்குங்கிறாவ. சரி. ஒன்ன ஆராவது சேலைய அவுத்துட்டு வான்னு சொன்னாவளா? சொல்லிட்டு, அதே சேலைய அவங்க உடுத்து மேடையில ஆடினா நீ கைதட்டுவியா?”

அவர் கையை உதறிவிட்டுத் தொடர்ந்தார். “உங்க ஊர்ல ஒரு காலத்துல உங்க ஆளுவ மாரு மறைக்கத் தோள்சீலை போடப்பிடாதுன்னு சட்டம் இருந்துதாமே. எனக்க மாப்பிள பறஞ்சிருக்காரு. அது வெறும் துணிதானேன்னு உனக்க வீட்டுல சொல்லுவாவளா?”

சுருக்கென்று குத்தியது. எங்கள் வீட்டில் அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். யார் எதை உடுத்தலாம் என்று அடுத்தவன் தீர்மானித்த கதை அது, அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். வளர்ந்து என்ன? ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் தலை என்று வந்தபோது ஸ்டைல் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அதை உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

“அக்கா, டீச்சர்ட்ட நேர்ச்சை இல்லன்னு சொன்னது நான்தான்.”

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ரெண்டு மாசமா நீதான் பின்னிவிட்ட” என்றார். “அவ உனக்க முன்னால இருந்துதான் அழுதா.” அவ்வளவுதான். கத்தியை எடுத்து மறுபடி மீனைச் செதில் சீவத் தொடங்கினார். நான் வந்துவிட்டேன்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு சிஸ்டரைப் பார்க்கப் போனேன். அந்தப் பிள்ளைக்கு ஆகாத சடையை வேறு பிள்ளைகளுக்குப் பின்ன என் கை வராது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வசனம். சிஸ்டர் கோபப்படவில்லை. நல்ல மனுஷி, ஆனால் சட்டத்தை மீறவும் அவருக்கு ஒரு சட்டம் வேண்டும்.

“ஒண்ணு செய்யுங்க. நேர்ச்சைதான்னு அவங்க அப்பாவ ஒரு லெட்டர் எழுதித் தரச் சொல்லுங்க. நான் மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

பறந்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அப்பாக்காரருக்குச் சந்தோஷம், பேனாவையே எடுத்துவிட்டார். கதவோரம் நின்றுகொண்டிருந்த பிள்ளைதான் தடுத்தாள்.

“அப்பா, எழுதாதிய. நேர்ச்சன்னா ஒரு நாளு மொட்டை போடணும்லா. நான் போட மாட்டேன்.”

அவர் பேனாவை மூடினார். ஒரு நாள் கோயிலில் கொடுத்துத் தீர்க்கிற முடி இல்லை அது. இவ்வளவு பேர் பேசிய பேச்சில் இதை ஒருவரும் யோசிக்கவில்லை. அக்கா அந்தப் பேனாவைத் திறந்து திரும்ப அவர் கையில் கொடுத்தார். தமிழில் எழுத வராததால் அக்கா சொல்லச் சொல்லக் கணவர் எழுதினார், கீழே அக்கா கையெழுத்துப் போட்டார். என்னிடம் நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிஸ்டர் அதை என் முன்னால்தான் வாசித்தார். நாலே வரி. ‘இது நேர்ச்சை இல்லை. என் மகளின் முடி இப்படித்தான் வளரும், இப்படிப் பின்னினால்தான் அவளுக்கு வலிக்காது. உங்கள் தலையில் இருக்கிற துணியை எடுத்துவிட்டு வரச் சொல்லி யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். என் மகளின் தலையையும் அதுபோல விட்டுவிடுங்கள்.’ சிஸ்டர் முக்காட்டின் ஓரத்தைத் தொட்டுச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

“ரிப்பன் கட்டிட்டு வரணும். அதுல மாற்றம் இல்ல” என்றார் கடைசியில்.

திங்கட்கிழமை காலை நான் கடை வாசலில் விளக்குமாறோடு நின்றேன். பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பிள்ளை வந்தாள், தலை நிறைய வரி, பிடரியில் இரண்டு சிவப்பு ரிப்பன். நிமிர்ந்து நடந்து வந்தாள். இரண்டு மாதமாக அவள் குனிந்துகொண்டே நடந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. பின்னால் வந்த அக்கா என்னைக் கடந்து போய், நாலடி தள்ளி நின்று திரும்பினார்.

“ஏட்டி, அந்தப் பன்னெண்டு பேரயும் விழாவுக்கு முந்துன ஞாயித்துக்கிழம வீட்டுக்கு அனுப்பச் சொல்லு. நான் பின்னித் தாறேன். எனக்க மவளும் ஆடுவா. மூஞ்சில கரி பூசினா சடைய அங்கயே அவுத்துடுவேன்.” ஒரு மூச்சு விட்டு, “நீ வர வேண்டாம்” என்றார்.

டீச்சரிடம் அப்படியே சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பிள்ளைகள் போனார்கள், நான் போகவில்லை. எப்படி நடந்தது என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தலைக்கு ஆறே பெரிய வரி, அரைமணி நேரம் என்று கணக்குப் போட்டு, எண்ணெய் வழிகிற உங்கள் முடி பாம்பு மாதிரி வழுக்குகிறது என்று அக்கா திட்டிக்கொண்டே பின்னினாராம். இந்த வரி யாருடைய ஊரில் எப்போது போடுவது, இதைத் தன் அம்மா எப்படிப் போடுவார் என்று ஒவ்வொரு தலைக்கும் சொன்னாராம். வலிக்கிறது என்று சிணுங்கியவர்களை மகள் வந்து, “அசையாத, அசைஞ்சா முதல்லேர்ந்து” என்று மிரட்டினாளாம். மத்தியானம் எல்லாருக்கும் சோறும் மீன்குழம்பும்.

விழா அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பதின்மூன்று பேர் ஆடினார்கள். நடனம் ஆப்பிரிக்காவும் இல்லை, நாகர்கோவிலும் இல்லை, நடுக்கடலில் எங்கேயோ நின்றது. டீச்சர் யாருக்கும் எதுவும் பூசவில்லை. அக்கா முன்வரிசையில் பட்டுச் சேலையில் உட்கார்ந்து, பாதி ஆட்டத்துக்குத் தலையில் அடித்துக்கொண்டார், மீதிக்குக் கைதட்டினார்.

விழா வாரத்துக்கு மட்டும் சிஸ்டர் விட்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கு இரட்டைச் சடையில் வர வேண்டும் என்பதால், பன்னிரண்டு பேரும் ஞாயிறு சாயங்காலம் சடையை அவிழ்க்க என் கடைக்கு வந்தார்கள். அவிழ்ப்பதற்கு எனக்கு அனுமதி வேண்டியிருக்கவில்லை. கடைசியாக உட்கார்ந்த பிள்ளைக்கு மனசே இல்லை. கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, அவ மட்டும் ஏன் அவுக்காண்டாம்?”

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீளமான பதில், நல்ல பதிலும்கூட. விழுங்கிவிட்டேன்.

“அவகிட்டயே கேளு மக்கா.”

“அவ எங்கூடப் பேச மாட்டா.” அவள் மடியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “தும்பு மிதியடின்னு முதல்ல கூப்பிட்டது நானாக்கும்.”

நான் முதல் வரியின் முடிச்சைத் தேடி எடுத்தேன்.

“அவளுக்க அம்மை எங்கூடயும் சரியாப் பேசல” என்றேன். “இருந்தாலும் நாளைக்கு அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கப் போறேன். நீயும் வாறியா?”